வீட்டுக்குப் பின்னால் ஒரு போறணை

நாள்தோறும் காலையில் பாண் உண்பவர்கள் நம் நாட்டில் எத்தனையோ இலட்சம் பேர். ஆனால் அந்தப் பாண் பிறந்த போறணையின் வாயருகே குனிந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று நோக்கியவர்கள் எத்தனை பேர்? நானும் அண்மைக்காலம் வரையில் நோக்காதவர்களில் ஒருத்தியே. கல்லூரியில் பிள்ளைகளுக்கு வெப்பம் கடத்தப்படும் முறைகளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவள் நான். கரும்பலகையில் அம்புக்குறி இட்டுக் காட்டிய அந்த வெப்பம், என் வீட்டின் பின்புறத்தில் என்னையே மாணவியாக்கி உட்கார வைக்கும் என்று நான் எண்ணியதேயில்லை.

'பாண்' என்பதும் 'போறணை' என்பதும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். மேசையும் அலுமாரியும் சாவியும் அவர்கள் தந்தவையே. 1505ஆம் ஆண்டில் வந்தவர்கள் 1658ஆம் ஆண்டில் நாட்டை விட்டுப் போயினர். அவர்களுடைய அடுப்பும் அடுப்பின் பெயரும் மட்டும் போகவில்லை. ஊருக்கு ஊர் பேக்கரிகளில் விறகுப் போறணை குடிகொண்டது. ஆயினும் ஒரு வீட்டுக்குள் போறணை என்றால் எவரும் சிரிக்கத்தான் செய்வர். எங்கள் அயலவர்களும் சிரித்தனர்.

எங்கள் ஊர் கொஸ்லந்த. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பெருந்தெருவில், ஒரு பக்கம் தேயிலை மலையும் மறு பக்கம் தாழ்ந்து விரியும் ஊவாச் சமவெளியுமாக அமைந்த சிற்றூர். இங்கிருந்து வெல்லவாயப் பக்கம் சிறிது தூரம் சென்றால், ஏறக்குறைய 720 அடி உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். அதனைக் காண வரும் பிரயாணிகளுக்கு எங்கள் கடைவீதியில் தேநீரும் பணிசும் கிடைக்கும், பீட்சா கிடைக்காது. அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவன் என் மூத்த மகன்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பீட்சா சுடும் காட்சியை அவன் கைத்தொலைபேசியில் கண்டான். அங்கே அக்கலை பரம்பரை பரம்பரையாக வந்தது. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. விறகு எரியும் குவிமாட அடுப்பில், 430 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு பீட்சா வெந்துவிடும். "அம்மா, ஒன்றரை நிமிடம்!" என்று வியந்தான் மகன். ரொட்டி ஒன்றைச் சுடுவதற்கே அதனினும் கூடுதலான நேரம் பிடிக்கும் வீட்டில் பிறந்தவன் அல்லவா!

எனக்கு வேறொரு காரணம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எரிபொருள் இன்மையால் பாடசாலைகளே மூடப்பட்டன. வெற்று எரிவாயு உருளைகளை வரிசையில் அடுக்கி வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். அந்நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உலை கொதித்ததென்றால், அதற்குக் காரணம் என் தாயார். எழுபதை எட்டிய அவர், பின்புறத்தில் மூன்று கற்களைக் கூட்டி, ஈர விறகையும் எரிய வைத்து, எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். அடுத்த முறை இத்தகைய காலம் வருமாயின் வீட்டில் உறுதியான விறகடுப்பு ஒன்று இருத்தல் வேண்டும் என்று அன்றே நான் எண்ணிக்கொண்டேன். மகனின் ஆசையும் என் எண்ணமும் ஒன்று சேர்ந்தன.

அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"ஏம்மா, வெறகு சொமக்கக் கூடாதுன்னுதானே ஒன்னைப் படிக்க வச்சேன்? இப்ப நீ காசு குடுத்து வெறகு வாங்கப் போறியா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. என் தாயார் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்னரும் அவருடைய வேலை முடிவதில்லை. கவ்வாத்து வெட்டிய மலைக்குச் சென்று, வெட்டுண்டு கிடக்கும் தேயிலை மிலாறுகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார். லயத்துக் காம்பிராவில் அடுப்பு மூட்டினால் புகை வெளியேற வழி கிடையாது. சுவர் கறுக்கும், கூரைத் தகரம் கறுக்கும், ஊதுகுழலை ஊதி ஊதி அம்மாவின் கண் சிவக்கும். இன்றும் விடியற்காலையில் அவரிடமிருந்து எழும் இருமலை நான் படுக்கையில் கிடந்தபடியே கேட்கிறேன். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையின் காரணமாக 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புள்ளி விவரத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த இருமலே.

அத்தகையவரிடம் போய், "விளையாட்டுக்காக விறகடுப்புக் கட்டப் போகிறோம்" என்றால் அவர் மனம் எப்படி ஒப்பும்? ஆயினும் பேரனின் முகத்தைப் பார்த்து அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

மண் தேடும் வேலை முதலில் வந்தது. வீட்டின் பின்னால் உள்ள மேட்டை வெட்டினால் வேண்டிய களிமண் கிடைக்கும். ஆனால் கொஸ்லந்தயில் மேட்டை வெட்டுவது அவ்வளவு எளிதாக மனம் துணியும் காரியமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் மலை சரிந்து, லயங்களை மக்களோடு மூடிய துயரை நாங்கள் இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறோம். அன்று முதல் மழைக்காலத்தில் மண்ணின் ஓசைக்குச் செவி கொடுத்தபடியே உறங்குபவர்கள் நாங்கள். ஆகவே சரிவில் மண்வெட்டி படக்கூடாது என்று என் கணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

புற்றுமண் சிறந்தது என்று ஒருவர் சொன்னார். கறையான் குழைத்த மண் நன்கு பற்றும்; வெப்பத்தையும் தாங்கும். ஆனால் மஞ்சள் பூசிப் பாலூற்றும் புற்றில் எவர் கை வைப்பார்? அம்மாவே ஒரு வழி சொன்னார். கைவிடப்பட்டு, மழையில் பாதி கரைந்து, உயிர் எதுவும் குடியிராத பழைய புற்று ஒன்று தோட்ட எல்லையில் இருந்தது. அதன் முன் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மண்ணை எடுத்தோம். அடுப்புக்கு உடன்படாதவர் அதற்கு மண் எடுக்க வழி காட்டியதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அமைப்பைப் பற்றி எங்களுக்கு அறிவுரை சொன்னவர், நெடுங்காலம் பேக்கரியில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். கல்லால் மேடை கட்டி, அதன்மேல் மணலும் உடைந்த கண்ணாடியும் பரப்பி, அதன்மேல் செங்கல் பாவினோம். அவ்வாறு செய்தால் தளத்தின் சூடு கீழே இறங்கி வீணாகாது. பின்னர் ஈர மணலைக் குவித்து அரைத் தேங்காய் வடிவில் ஒரு மேடு செய்து, அதன்மீது நனைத்த பத்திரிகைத் தாள்களை ஒட்டினோம். பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள்தாம்; பத்திரிகை ஆசிரியர் பொறுத்தருள்க. அதற்கு மேல் செங்கல்லை வளைத்துக் கட்டி, புற்றுமண்ணும் மணலும் குழைத்துப் பூசினோம். மண் இறுகியதும் வாய் வழியாக மணலைத் தோண்டி எடுத்தான் மகன்.

வாயின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உள்வளைவின் உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கே வாயின் உயரம் இருத்தல் நலம். எங்கள் வளைவு 16 அங்குலம். ஆகவே வாய் 10 அங்குலம். வாய் மிக உயர்ந்தால் சூடு ஓடிவிடும். மிகத் தாழ்ந்தால் தீ மூச்சு முட்டும். குளிர்ந்த காற்று வாயின் அடிப்புறத்தால் நுழைய, சுட்ட புகை மேற்புறத்தால் வெளிவரும். புகைபோக்கியை வளைவின் உச்சியில் அன்று, வாய்க்கு மேலேயே வைக்க வேண்டும். அப்போதுதான் சூடு உள்ளே சுழன்றுவிட்டு வெளியேறும்.

எல்லாம் முடிந்ததும் பெரியவர் எச்சரித்தார். "டீச்சர், போறணை பச்சப்புள்ள மாதிரி. பொறந்த அன்னைக்கே சோறு ஊட்டுவாங்களா? ஏழு நாளைக்குச் சின்னத் தீயாப் போட்டுப் போட்டு ஈரத்தை வாங்குங்க. உள்ள கறுக்கும், பயப்படாதீங்க. கறுத்தது வெளுக்கிற வரைக்கும் எதையும் உள்ள வைக்காதீங்க."

ஏழு நாள்! மகனின் பிறந்த நாளோ அந்த ஞாயிற்றுக்கிழமை. உறவினருக்கும் சொல்லியாயிற்று. மூன்று நாள் சிறு தீ போட்டுவிட்டு, "போதும்" என்று நான்தான் முடிவு செய்தேன். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படித்துவிட்டு வரும் மாணவனைக் கண்டிக்கும் ஆசிரியை நான் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு விறகை அடுக்கித் தீ மூட்டினோம். காசு கொடுத்து வாங்கிய யூக்கலிப்டஸ் விறகு. வெட்டி அதிக நாள் ஆகவில்லை. முனைகளில் நீர் கொதித்துச் சீறியது. புகையோ புகை! வந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குள் நகர்ந்தனர். ஒருவாறு தீ எழுந்தது. நாக்குகள் வளைவைத் தொட்டு நக்கின. உள்ளே 'படக்' என்று ஓர் ஓசை. வெளிப்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று ஓடியது. என் நெஞ்சிலும் அவ்வாறே ஒன்று ஓடியது.

அரை மணி நேரங்கூட ஆகவில்லை. தீ பெரிதாக எரிகின்றதே, இன்னும் என்ன வேண்டும் என்று எண்ணி, தக்காளியும் கறிமிளகாயும் சீசும் பரப்பிய முதல் பீட்சாவை நீண்ட பிடியுள்ள பலகையில் வைத்து உள்ளே தள்ளினோம். விளிம்பு கரியாயிற்று, சீஸ் கொதித்துக் குமிழியிட்டது, வெளியே இழுத்துப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளை வெளேரென்று பச்சை மாவாக இருந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது தளத்தில் ஒட்டிக் கிழிந்தது. மகன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டான். பட்டமும் படிப்பும் பெற்ற நான் கையில் கரியோடு நின்றேன்.

அப்போது அம்மா எழுந்து வந்தார். அதுவரையில் தூரத்தில் ஒரு பலகையில் அமர்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தவர். குனிந்து உள்ளே நோக்கினார். கையை வாயருகே நீட்டிச் சிறிது நேரம் பிடித்தார். "கல்லு இன்னும் காயவே இல்லையே" என்றார். பிறகு மகனை அழைத்தார். "போயி, அம்மாயியோட மிலாறுக் கட்டைக் கொண்டா."

எனக்கு வியப்பு. அம்மா மிலாறு சேர்ப்பதை நான் அறிந்திருக்கவில்லை. கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மழை படாத மூலையில், பழக்கத்தால் அவர் சேர்த்து வைத்திருந்த தேயிலைக் குச்சிகள் ஒரு கட்டு இருந்தன. காய்ந்து எலும்பு போலாகியிருந்தன. ஈர விறகையெல்லாம் வாய்ப்புறத்துக்கு இழுத்துவிட்டு, மிலாறுகளைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே கொடுத்தார். புகை அடங்கியது. தெளிந்த மஞ்சள் தீ வளைவின் மீது நீர் போல ஓடியது. அதன் சூட்டில் ஈர விறகும் காய்ந்து பற்றியது. நெருப்பைத் தளம் முழுவதும் பரப்பினார். பரப்பியதை ஒரு முறை புரட்டினார். அடுத்து என்ன என்று கேட்டபோது, "சும்மா இரு" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம் சும்மா இருந்தோம். இருட்டியது. அப்போதுதான் அது நிகழ்ந்தது. கரி படிந்து கன்னங்கரேலென்றிருந்த உள்வளைவின் உச்சியில் உள்ளங்கையளவு ஓரிடம் வெளுத்தது. அது மெல்ல விரிந்தது. கருமை விளிம்பு விளிம்பாகப் பின்வாங்கிற்று. செங்கல்லின் நிறம் புதிதாகக் கழுவியது போல் வெளிவந்தது. வளைவின் சூடு ஏறக்குறைய 350 பாகை செல்சியசைத் தாண்டும்போது, படிந்த கரியே எரிந்து போய்விடும். அதுதான் பெரியவர் சொன்ன 'கறுத்தது வெளுத்தல்'.

அப்போதுதான் என் பாடம் எனக்கே விளங்கியது. போறணையில் பண்டத்தைச் சுடுவது கண்முன் எரியும் தீ மட்டுமன்று. தளத்துக் கல் தொட்டுக் கடத்தும் சூடு அடியை வேகவைக்கும். வளைந்த கூரை கதிராக வீசும் சூடு மேலே நிறங்கொடுக்கும். சுழலும் காற்று சுற்றிலும் காய்ச்சும். கல்லுக்குள் சூடு இறங்க நேரம் வேண்டும். நான் தீயைப் பார்த்தேன். அம்மா கல்லைப் பார்த்தார்.

தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, தளத்தைத் துடைத்து, நான்காவது பீட்சாவைத் தள்ளினோம். விளிம்பு உப்பியது, புள்ளி புள்ளியாகச் சிவந்தது. ஒன்றரை நிமிடம் அன்று. இரண்டரை நிமிடம் ஆயிற்று. ஆனால் அடிப்புறத்தைத் தட்டியபோது பாண் தோல் போல ஓசை எழுந்தது. மகன் ஓடி வந்தான். முதல் துண்டை அவன் தன் வாயில் வைக்கவில்லை; அம்மாயிக்குக் கொடுத்தான். அவர் மென்றுவிட்டு, "ரொட்டிதான், மேல கறி போட்டிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அதில் பிழை என்ன?

விருந்தினர் போன பின்னும் போறணை ஆறவில்லை. தணலை வழித்து எடுத்துவிட்டு, தளத்தில் ஒரு பிடி மாவைத் தூவினேன். உடனே கருகினால் சூடு மிகை. மெல்லப் பொன்னிறமானால் பாணுக்கு ஏற்ற பதம். இதுவும் பெரியவர் சொன்ன சோதனையே. பதம் வந்ததும் மிஞ்சிய மாவை இரண்டு பாணாக உருட்டி வைத்து வாயை மூடினோம். திறந்தபோது எழுந்த மணம், கடைவீதிப் பேக்கரியில் விடியற்காலையில் எழுமே, அதே மணம்.

அம்மா அந்தப் பாணைக் கையில் ஏந்திச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார். 1974ஆம் ஆண்டளவில் நாட்டில் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் பட்டினியால் பலர் மடிந்த காலம். தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிந்த இளம்பெண்ணாக இருந்த அவர், விடியுமுன் மலையிறங்கி வந்து, கடைவீதியில் அரைப் பாணுக்கு வரிசையில் நின்றாராம். பேக்கரியின் பின்பக்கச் சுவர் சூடாக இருக்குமாம். குளிருக்கு அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்களாம். "பாண் முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன பெறகும், அந்தச் சூட்டுக்காகக் கொஞ்ச நேரம் நிப்போம்" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதனை அவர் ஒருமுறையேனும் எங்களிடம் சொன்னதில்லை.

இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79ஆம் ஆண்டில் மூடிய பொம்பெய் நகரைத் தோண்டியபோது, குவிமாடப் போறணைகளும், அவற்றினுள் கரியாகிப்போன பாண்களும் அகப்பட்டன. உண்ண வேண்டியவர்களுக்குக் கிட்டாமற்போன அந்தப் பாண்களைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. எங்கள் கடைவீதிச் சுவரில் முதுகு சாய்த்து நின்ற பெண்களைப் பற்றி எந்த நூல் பேசிற்று?

விறகடுப்பு அழகானது என்று நான் எழுத வரவில்லை. விரும்பியபோது மூட்டி, விரும்பாதபோது எரிவாயுவைத் திருகும் எனக்கு அது இன்பம். வேறு வழியின்றி நாள்தோறும் மூட்டியவருக்கு அது சுமை. அந்தச் சுமையிலிருந்து என்னை மீட்டவர் அம்மா. ஆனால் சுமையைக் கீழே போட்ட அவசரத்தில், அதனோடு கட்டியிருந்த அறிவையும் நான் கீழே போட்டுவிட்டேன். எந்த விறகு முந்தி, எந்த விறகு பிந்தி, எப்போது ஊத வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படாத அறிவு. அதனைக் கற்றவர் என் வீட்டிலேயே இருந்தார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவு படுக்கப் போகுமுன் பின்புறம் சென்றேன். அம்மா குனிந்து, எங்களுடைய எஞ்சிய ஈர விறகை ஒவ்வொன்றாக அந்த வெதுவெதுப்பான போறணைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்றீங்க?"

"சூடு சும்மாதானே போகுது? காஞ்சு கெடக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு ஆகும்."

வெளிப்பூச்சில் விழுந்த வெடிப்பைக் காட்டினேன். அவர் விரலால் புற்றுமண்ணைக் குழைத்து அதனை அடைத்துவிட்டு, கையைக் கழுவப் போனார். நான் போறணையின் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது; சுவரில் இன்னும் சூடு இருந்தது.